நிணநீரின் வழியும் அதன் நலமும்

வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தில் இரத்தத்துக்குக் கிடைத்த கீர்த்தியில் நூற்றில் ஒரு பங்குகூட நிணநீருக்குக் கிடைத்ததில்லை. இரத்தம் சிவந்த நிறமுடையது; காயம் பட்டால் பீறிட்டுத் தன்னை அறிவித்துக்கொள்வது; நாடியில் விரல் வைத்தவருக்கெல்லாம் தன் ஓட்டத்தை உணர்த்துவது. நிணநீரோ நிறமற்றது, அல்லது இளமஞ்சள் சாயலுடையது. தோலுக்கடியிலும் தசைகளின் இடுக்கிலும் மெல்லிய நாளங்களின் வழியே ஓசையின்றி நகர்வது. அது தடைப்பட்டு, கால் வீங்கி, தோல் தடித்துச் செருப்புக்குள் பாதம் நுழையாமற்போன பிறகே அப்படி ஒன்று இருப்பதாக நாம் கேள்விப்படுகிறோம். இந்த நீண்டகால அலட்சியத்துக்குப் பிராயச்சித்தம் செய்வதுபோல, சமீப வருஷங்களில் மற்றோர் அதீதம் தலைதூக்கியிருக்கிறது. நிணநீரைச் சுத்திகரிப்பதாகச் சொல்லும் சொட்டு மருந்துகளும், பழச்சாறுகளும், தோலைத் தேய்க்கும் தூரிகைகளும் அங்காடிகளில் அமோகமாக விற்பனையாகின்றன. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே உண்மை எங்கே நிற்கிறதென்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நிணநீரின் நலத்துக்கென்று கடையில் வாங்க வேண்டிய பொருள் அநேகமாக ஒன்றுமில்லை, அதைக் கெடுக்கும் காரணங்களில் மிகப் பல, தேகத்துக்கு வெளியே, தெருவிலும் சாக்கடையிலும் வேலைத்தலத்திலும் இருக்கின்றன.

முதலில் அதன் வழியைப் பார்ப்போம். இருதயம் தள்ளிவிடும் இரத்தம் தமனிகளின் வழியே சென்று, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளை அடையும்போது, நீரும் உப்பும் சத்துக்களும் ஓரளவு புரதமும் அவற்றின் சுவர்களின் வழியே கசிந்து, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளியை நனைக்கின்றன. நனைத்த நீர் அங்கேயே தேங்கிவிடலாகாது. வாய்க்கால் எத்தனை நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தாலும் வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகிப் போகும் என்பதைக் காவிரிப் பாசனத்தில் விவசாயம் செய்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிணநீர் நாளங்கள் தேகத்தின் வடிகால்களே. அவற்றில் மிகச் சிறியவை ஒரு முனை மூடியவை; அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று மடல்போலப் படிந்திருப்பவை. சுற்றியுள்ள திசுவில் நீர் மிகுந்து வீங்கும்போது, அந்தச் சுவர்களைத் திசுவோடு பிணைத்திருக்கும் நுண்ணிய இழைகள் இழுபட, மடல்கள் திறந்து நீர் உள்ளே புகுகிறது. வீக்கமே தன் வடிகாலைத் திறந்துவிடுகிற இந்த அமைப்பைப் படிக்கும்போதெல்லாம் சிருஷ்டியின் சாதுரியத்தை வியக்காமலிருக்க முடிவதில்லை.

இவ்விதம் புகுந்த நிணநீர் சிறு நாளங்களிலிருந்து பெரு நாளங்களுக்குச் சென்று, இடையிடையே நிணநீர்க் கணுக்களில் வடிகட்டப்பட்டு, இரு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வருவதெல்லாம் இடுப்பு முதுகெலும்புகளுக்கு முன்னால் ஒன்றுகூடி, மார்பு நாளம் என்னும் ஒரே குழாயாக உதரவிதானத்தைத் தாண்டி மேலேறி, இடது கழுத்தின் அடியில் பெருஞ்சிரையில் கலக்கிறது. வலது கை, தலையிலும் மார்பிலும் வலது பாதி ஆகியவற்றின் நிணநீர் மாத்திரம் வலப்புறத்தில் தனியே சேர்கிறது. இரத்தத்தின் பிளாஸ்மாவிலுள்ள புரதத்தில் ஏறக்குறையப் பாதி ஒரே நாளில் தந்துகிகளை விட்டு வெளியேறி, இந்த வழியாகவே இரத்தத்துக்குத் திரும்புவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் புரதத்துக்கு வேறு திரும்பும் வழி கிடையாது. இவ்வழி அடியோடு அடைபட்டால் மனிதன் அதிக காலம் ஜீவித்திருக்க இயலாது.

எவ்வளவு நீர் இப்படித் திரும்புகிறது என்பதைப் பற்றி மட்டும் விஞ்ஞானிகளின் கருத்து அண்மையில் மாறியிருக்கிறது. 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில உடற்செயலியல் அறிஞர், தந்துகிக்குள்ளிருக்கும் அழுத்தமும் புரதத்தின் ஈர்ப்பும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதாலேயே நீர் வெளியேறுவதும் திரும்புவதும் நிகழ்கின்றன என்று நிறுவினார். அதை அடியொற்றி, தமனியின் பக்கத்தில் கசிந்த நீரில் பெரும்பகுதி சிரையின் பக்கத்தில் தந்துகிக்குள்ளேயே திரும்பிவிடுகிறதென்றும், எஞ்சிய சிறு பகுதியே நிணநீராகிறதென்றும் பாடப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகப் போதித்து வந்தன. 2010-இல் லெவிக், மிஷல் என்னும் இருவர் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் மறுபரிசீலனை செய்து, பெரும்பாலான திசுக்களில் அத்தகைய திரும்புதல் நிலையாக நடைபெறுவதில்லை என்றும், கசிந்த நீரின் பாரம் ஏறத்தாழ முழுவதையும் நிணநீர் நாளங்களே சுமக்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார்கள். இதன் பலனாகச் சிகிச்சை செய்பவரின் சிந்தனையும் மாற வேண்டியதாயிற்று. இருதய நோயால் வந்ததாயினும், சிரைக் கோளாறால் வந்ததாயினும், நீடித்து நிற்கும் வீக்கம் எதுவும் நிணநீர் நாளங்களால் சமாளிக்க முடியாமற்போனதன் அடையாளம் என்றே இப்போது கருதப்படுகிறது.

இந்த நாளங்களை மனிதன் கண்டுபிடித்த வரலாறு சுவாரசியமானது. பண்டைய அலெக்சாந்திரியாவின் வைத்தியர்கள் ஆட்டுக்குட்டிகளின் குடற்பகுதியில் பால் நிறைந்த குழாய்களைக் கண்டதாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தச் செய்தி பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1622-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இத்தாலியரான காஸ்பரே அசெல்லி, உணவுண்டு சிறிது நேரமே ஆன நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வு முழுவதும் வெண்ணிற இழைகள் பரவியிருக்கக் கண்டு, முதலில் அவற்றை நரம்புகளென்று எண்ணி, ஒன்றைக் கத்தியால் கீற, பால்போன்ற திரவம் வெளிப்பட்டதைக் கண்டு களித்தார். குடல் கிரகிக்கும் கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீரே அந்த வெண்மைக்குக் காரணம். அவர் காலமான பிறகு, 1627-இல், அவருடைய நூல் வர்ணச் சித்திரங்களுடன் பிரசுரமாயிற்று. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியே இந்தப் பால் நாளங்களை ஏற்றுக்கொள்ளத் தயங்கினார் என்பது, மேதைகளும் தங்கள் கண்டுபிடிப்பின் எல்லைக்கு அப்பால் எளிதில் பார்ப்பதில்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி.

அந்தத் திரவம் ஈரலுக்குச் சென்று இரத்தமாக மாறுகிறதென்றே அசெல்லியும் நம்பினார். 1651-இல் பிரெஞ்சுக்காரரான ழான் பெக்கே, அது ஈரலை அணுகாமலே மார்பு நாளத்தின் வழியாகக் கழுத்துச் சிரைக்குப் போவதை நிரூபித்தார். மறு ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஓலாஸ் ருட்பெக் என்னும் இளைஞர் உடல் முழுவதும் பரவியிருக்கும் நிணநீர் நாளங்களைக் கிறிஸ்டினா அரசியின் முன்னிலையில் செய்துகாட்டினார். டென்மார்க்கின் தாமஸ் பார்த்தலின் 1653-இல் தம்முடைய நூலை வெளியிட்டு அவற்றுக்குப் பெயரும் சூட்டினார். முதலில் கண்டவர் யார் என்று இரு தரப்பாருக்கும் மூண்ட விவாதம் வெகு காலம் ஓயவில்லை. இரத்தத்தை உண்டாக்கும் ராஜ அவயவமென்று ஆயிரத்து சொச்சம் வருஷம் போற்றப்பட்ட ஈரல் அந்தப் பதவியை இழந்துவிட்டதை முன்னிட்டு, பார்த்தலின் அதற்கு ஒரு கல்லறை வாசகமே எழுதிவைத்தாராம். பிற்பாடு 1787-இல் பாவ்லோ மஸ்கானி என்னும் இத்தாலியர் பாதரசத்தைச் செலுத்தி உடலெங்குமுள்ள நிணநீர் நாளங்களை வரைந்து காட்டியதோடு, மூளையைச் சுற்றிய உறைகளிலும் அவை உண்டென்று கூறினார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. மூளையுறையில் நிணநீர் நாளங்கள் இருப்பதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரு ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே 2015-இல் உறுதிப்படுத்தும்வரை, மூளைக்கு அத்தகைய வடிகால் கிடையாதென்றே மாணவர்கள் பரீட்சைகளில் எழுதிவந்தார்கள்.

நிணநீர்க் கணுக்களைப் பற்றி ஜனங்களுக்கு ஓரளவு பரிச்சயம் உண்டு. காலில் புண் இருந்தால் தொடையிடுக்கிலும், கையில் இருந்தால் அக்குளிலும், தொண்டை கரகரத்தால் தாடையின் கீழும் உருண்டு வலிப்பதை ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மனித தேகத்தில் இத்தகைய கணுக்கள் 500 முதல் 600 வரை உண்டு. வந்துசேரும் நிணநீரிலுள்ள கிருமிகளை இனங்கண்டு, அவற்றுக்கு எதிரான உயிரணுக்களை ஆயிரக்கணக்கில் பெருக்கும் பாசறைகள் அவை. இங்கே குழுமும் நிணவணுக்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே மறைகின்றன என்பது வெகு காலம் புதிராக இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் மார்பு நாளத்தில் குழாய் செருகி, அவை மறைவதில்லை, இரத்தத்திலிருந்து கணுக்களுக்கும், கணுக்களிலிருந்து நிணநீர் வழியாக மீண்டும் இரத்தத்துக்கும் ஓயாமல் சுற்றிவருகின்றன என்று காட்டினார். நோயெதிர்ப்புச் சக்தி என்று நாம் இன்று சகஜமாகப் பேசுவதற்கெல்லாம் அஸ்திவாரம் இட்ட சோதனைகளில் அதுவும் ஒன்று.

ஆகவே நெறி கட்டுவது பெரும்பாலும் தேகம் தன் கடமையைச் செய்வதன் அறிகுறி. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டுக் காத்திருக்கும் வழக்கத்தால் சாதாரணமாக நஷ்டம் வருவதில்லை. மூல காரணமான புண் ஆறினால் கணுவும் சுருங்கிவிடும். ஆனால் இரண்டு மூன்று வாரம் கடந்தும் குறையாத கணு, வலியின்றிக் கெட்டியாக வளரும் கணு, அசைத்தால் அசையாத கணு, மாலைக் காய்ச்சலோடும் இரவு வியர்வையோடும் உடல் மெலிவோடும் சேர்ந்து தோன்றும் கணு ஆகியவற்றைப் பற்றுப் போட்டு மூடிவைப்பது ஆபத்து. கழுத்தில் மாலைபோல வரிசையாகக் கணுக்கள் வீங்கும் கண்டமாலை என்பது காசநோயின் ஒரு வடிவம். அதற்கு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, முறையாக உண்டால் குணமும் நிச்சயம். இடது காறையெலும்புக்கு மேலே தோன்றும் கணு விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. மார்பு நாளம் வந்து கலக்குமிடம் அதுவாகையால், வயிற்றுக்குள் மறைந்திருக்கும் புற்றுநோய் சில சமயம் அங்கேதான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. இத்தகைய கட்டிகளை எண்ணெய் தேய்த்து உருவி விடுவது எக்காலத்தும் கூடாது.

நிணநீருக்கு இருதயம்போல் ஓர் யந்திரம் இல்லை, ஆதலால் நாம் குதித்தால்தான் அது நகரும் என்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. இது பாதி உண்மை. பாதி உண்மையே வியாபாரிகளுக்கு மிகவும் உபகாரமானது. கணுவை நோக்கிச் செல்லும் நாளங்கள் வால்வுகளால் சிறுசிறு கண்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு கண்டத்தின் சுவரிலும் தசை உண்டு. அது நிமிஷத்துக்குப் பல முறை தானாகவே சுருங்கி, நீரை அடுத்த கண்டத்துக்கு ஏற்றுகிறது. போலந்து நாட்டு அறுவை மருத்துவர் ஓல்ஷெவ்ஸ்கியும் நார்வேயைச் சேர்ந்த எங்கெசெட்டும் மனிதரின் காலிலுள்ள நிணநீர் நாளங்களில் நுண்ணிய குழாய்களைப் பொருத்தி அளந்து, மனிதன் அசையாமல் படுத்திருக்கும்போதும் நாளங்கள் தாமாகச் சுருங்கி நிணநீரைச் செலுத்துகின்றன என்று 1980-இல் வெளியிட்டார்கள். பாதத்தை அசைத்தபோது அந்தச் சுருக்கங்கள் அதிகரித்தன. ஆகவே தேக அப்பியாசம் இந்த ஓட்டத்துக்குத் துணை செய்கிறது, அதைத் தோற்றுவிப்பதில்லை. ஆழ்ந்த சுவாசமும் அவ்வாறே: உதரவிதானம் இறங்கி ஏறும்போது வயிற்றிலும் மார்பிலும் மாறிவரும் அழுத்தம் மார்பு நாளத்தின் நீரை மேல்நோக்கி ஈர்க்கிறது. நடப்பதும் கெண்டைக்காலை மடக்கி நீட்டுவதும் போதுமானவை. இதற்கென்று தனி உபகரணம் வேண்டியதில்லை.

அசையாமல் நின்றுகொண்டேயிருப்பது மட்டும் பாதகமானது. கெண்டைத்தசை இயங்காதபோது காலின் சிரைகளில் அழுத்தம் ஏறி, கசிவு மிகுந்து, நிணநீர் நாளங்களின் பாரம் பெருகுகிறது. ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்யும் பெண்களின் கணுக்காலைச் சாயங்காலத்தில் பார்த்தவர்களுக்கு இதை எந்தப் புத்தகமும் கற்பிக்க வேண்டியதில்லை. கேரள அரசு 2018-லும் தமிழ்நாடு அரசு 2021-லும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டுமென்று விதித்தன. நிணநீர் என்ற சொல் அந்தச் சட்டங்களில் வராவிட்டாலும், அதன் நலத்துக்கு அவை செய்யும் சகாயம் ஆயிரம் பழச்சாறுகள் செய்யாதது என்பேன். ஆசனம் போட்டபின் அதில் உட்கார முதலாளி அனுமதிக்கிறாரா என்பது வேறு பிரச்னை.

இனி நம் நாட்டில் நிணநீரின் பிரதான சத்துருவுக்கு வருவோம். யானைக்கால் நோயைச் சிலீபதம் என்னும் பெயரால் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. பழைய நீர் தேங்கி, எல்லாப் பருவத்திலும் குளிர்ந்திருக்கும் தேசங்களில் அது விசேஷமாக உண்டாகும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. கொசுவின் பங்கு எவருக்கும் தெரியாத காலத்தில் தேங்கிய நீரை நோயோடு இணைத்துக் கண்ட அந்தக் கண்களை மெச்சத்தான் வேண்டும். 1872-இல் கல்கத்தாவில் திமதி லூயிஸ் மனித இரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மான்சன், நோய்கொண்ட தம் தோட்டக்காரரைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து, நுண்புழு கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். பூச்சியொன்று மனித வியாதியின் கிருமியை வளர்க்கிறதென்று முதன்முதலாகக் காட்டியவர் அவரே. ஆயினும், கொசு தண்ணீரில் விழுந்து சாக, அந்த நீரைப் பருகுவதால் நோய் பரவுகிறதென்று அவர் நெடுநாள் எண்ணியிருந்தார். கடியின் வழியாகவே பரவுகிறது என்பதற்குரிய சான்று 1900-இல் ஜார்ஜ் லோ என்பவராலும், திருவிதாங்கூரில் பணியாற்றிய எஸ்.பி.ஜேம்ஸ் என்பவராலும் கிடைத்தது.

முதிர்ந்த புழுக்கள் நூலிழைபோல நீண்டு, நிணநீர் நாளங்களுக்குள்ளேயே சில ஆண்டுகள் வாழ்ந்து, இலட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனுகின்றன. அவை இருக்குமிடத்தில் நாளம் விரிந்து, வால்வுகள் பொருந்தாமற்போய், நீர் மேலேறும் சக்தி குன்றுகிறது. நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் தங்கியிருந்து, இரவில், கொசு கடிக்கும் வேளையில், மேற்பரப்பு இரத்தத்துக்கு வருவதனாலேயே ஆரோக்கியத் துறையினர் நடுநிசியில் வீடு வீடாக வந்து இரத்தம் எடுப்பது வழக்கமாயிற்று. தமிழ்நாட்டில் இதைப் பரப்புவது கியூலெக்ஸ் இனத்துக் கொசு. அது நன்னீரை நாடுவதில்லை. திறந்த சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, தேங்கிய குட்டை ஆகியவையே அதன் பிரசவ சாலை. கும்பகோணம், காஞ்சிபுரம், புதுச்சேரி முதலிய பழைய நகரங்கள் யானைக்கால் நோய்க்கு வெகு காலம் பெயர் பெற்றிருந்ததற்குக் காரணம் இதுவே. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கத்திலோ வேறொரு புழு. அதன் கொசு, குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டி வளர்வது. ஒரே நோய் ஓரிடத்தில் சாக்கடையாலும் மற்றோரிடத்தில் நீர்ப்பூண்டாலும் போஷிக்கப்படுகிறது.

இந்தியாவில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் ஆரம்பமாயிற்று. 1947-இல் கண்டறியப்பட்ட டை எதில் கார்பமசின் என்னும் மருந்தே அதன் முக்கிய ஆயுதம். 1975-இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட கொசு முதலிய நோய்ப்பரப்பிகள் பற்றிய ஆராய்ச்சி மையம், சாக்கடைகளைச் சீர்செய்தும் குட்டைகளைத் தூர்த்தும் அந்நகரின் கொசுக்களைக் குறைக்க முடியும் என்று 1981 முதல் ஐந்தாண்டுகள் செய்துகாட்டியது. காரைக்காலில் மருந்து கலந்த உப்பை வழங்கிப் பார்த்தார்கள். சீன தேசம் அதே உபாயத்தைப் பெரிய அளவில் கையாண்டு நோயை ஒழித்தது. தமிழ்நாட்டில் 1996 முதல், ஆண்டுக்கு ஒரு வேளை ஊரிலுள்ள யாவருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை தொடங்கியது. திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் மதுரை ஆராய்ச்சி மையத்தார் நடத்திய பரிசோதனை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சில கிராமங்களில் மருந்து மட்டும் கொடுத்தார்கள். சில கிராமங்களில் மருந்தோடுகூட, கொசு வளரும் குழிகளின் நீர்ப்பரப்பை மூட நுரைப்பஞ்சு மணிகளை மிதக்கவிடுவது முதலிய கொசு ஒழிப்பு வேலைகளையும் செய்தார்கள். மருந்து நின்ற பிறகும் நோய் தலைதூக்காமல் அடங்கியிருந்ததில் இரண்டாம் வகைக் கிராமங்களே மேம்பட்டு விளங்கின. இலங்கை 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று மாத்திரை கொடுத்து, கண்காணிப்பையும் கைவிடாமல் நடத்தி, இந்நோயை ஒழித்த நாடென்று 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

மாத்திரையை வாங்கி மாடத்தில் வைத்துவிடும் சுபாவமே இந்த முயற்சிகளுக்குப் பெரிய இடையூறு. நோயற்றவனாகத் தோன்றும் தனக்கு மருந்து எதற்கு என்று ஒருவர் கேட்பது இயல்பு. ஆனால் இரத்தத்தில் நுண்புழு உடையவரில் அநேகர் பார்வைக்கு ஆரோக்கியவான்களே. அவர்களிடமிருந்தே கொசு புழுவைப் பெற்றுப் பிறருக்குக் கொடுக்கிறது. மாத்திரை உண்டபின் சிலருக்கு வரும் ஜுரமும் தலைவலியும், பெரும்பாலும் உள்ளே புழுக்கள் மடிவதன் விளைவுதான். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் நீங்கலாக மற்றவர்கள் அதை உண்பது ஊருக்குச் செய்யும் உபகாரம்.

வீக்கம் ஏற்பட்டுவிட்டவர்களின் விஷயம் வேறு. அவர்களுடைய கால் வருஷத்துக்கு வருஷம் பருப்பதற்குப் புழுவை மட்டும் குற்றஞ்சாட்டுவது சரியன்று என்பதைப் பிரேசிலின் ரெசிஃபே நகரத்து மருத்துவர் ஜெரூசா டிரையரின் ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. கால்விரல் இடுக்கிலுள்ள வெடிப்பிலும் சேற்றுப்புண்ணிலும் நுழையும் சாதாரணப் பாக்டீரியாக்களே அடிக்கடி குளிர்ஜுரத்தையும் செந்நிற வீக்கத்தையும் உண்டாக்கி, ஒவ்வொரு தாக்குதலிலும் மேலும் சில நாளங்களைப் பாழாக்குகின்றன. ஆகவே தினந்தோறும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றி மெதுவாக ஒற்றித் துடைத்து, வெடிப்புக்குக் களிம்பு இட்டு, இரவில் காலைச் சற்று உயர்த்தி வைத்து, கணுக்காலைச் சுழற்றி, பொருத்தமான செருப்பு அணிந்து நடந்தால், ஜுரம் வருவது வெகுவாகக் குறைந்து, வீக்கமும் ஓரளவு வடிகிறது. கேரளத்தின் காசர்கோட்டிலுள்ள ஒரு தோல் நோய் ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய பராமரிப்போடு யோகப் பயிற்சியையும் ஆயுர்வேத முறைகளையும் இணைத்துக் கிராம ஜனங்களே வீட்டில் செய்துகொள்ளுமாறு பழக்கியிருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் மலைப்பிரதேசங்களில் புழுவே இல்லாமல் வரும் யானைக்கால் ஒன்று உண்டு. எரிமலை மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் உழவர்களின் தோலில் நுண்ணிய தாதுத் துகள்கள் புகுந்து நாளங்களைக் கெடுப்பதால் அது உண்டாகிறதென்று எர்னஸ்ட் பிரைஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். சிறு வயதிலிருந்து காலணி அணிந்தால் அது வராது.

மருத்துவமே நிணநீருக்கு ஊறு செய்வதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளிலுள்ள கணுக்களையெல்லாம் அகற்றும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. உயிர் பிழைத்த பெண்களில் பலர் பருத்துப்போன கையோடு எஞ்சிய ஆயுளைக் கழித்தார்கள். கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் கணுவைச் சாயத்தாலும் கதிரியக்கப் பொருளாலும் அடையாளங்கண்டு, அதில் நோய் இல்லையேல் மற்றவற்றைத் தொடாமல் விடும் முறை 1990-களில் பரவியபின் இந்தத் துன்பம் குறைந்தது. கை வீங்கிய பெண்கள் பாரம் தூக்கவே கூடாதென்று எச்சரிப்பது வெகு காலம் சம்பிரதாயமாக இருந்தது. 2009-இல் காத்ரின் ஷ்மிட்ஸ் முதலானோர் அமெரிக்காவில் 141 பெண்களைக் கொண்டு செய்த சோதனை அதைப் பொய்யாக்கிற்று: மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் மிகவில்லை, அது திடீரென்று முற்றுவதுகூட மற்றவர்களுக்கு நேர்ந்ததில் பாதியளவே அவர்களுக்கு நேர்ந்தது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்க அஞ்சி ஒடுங்கியிருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

வீங்கிய அவயவத்துக்கு மென்மையாகத் தோலை நகர்த்தும் ஒரு வகைத் தடவல் சிகிச்சையை 1930-களில் எமில் வோட்டர், எஸ்திரிட் வோட்டர் என்னும் டேனிஷ் தம்பதியர் வகுத்தனர்; அதோடு இறுக்கமான கட்டும் உடற்பயிற்சியும் தோல் பராமரிப்பும் சேர்ந்ததே இன்றைய நியம சிகிச்சை. இவற்றுள் அழுத்தக் கட்டுக்கே அதிகப் பலன். நம் வெப்பத்தில் அதைச் சகித்துக்கொள்வதே கஷ்டம். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளை இந்த வீக்கத்துக்குத் தாமாக வாங்கி உண்பவர் பலர். தேங்கிய புரதத்தை அவை அகற்றுவதில்லையாதலால் பிரயோஜனம் சொற்பம். ஆரோக்கியமாயிருப்பவர்கள் தூரிகையால் தேய்த்துக்கொள்வதிலும் சொட்டு மருந்து அருந்துவதிலும் நிணநீருக்கு நன்மை உண்டென்று காட்டும் தக்க சான்று எதுவும் இல்லை. ஆகார விஷயத்தில் சொல்லத்தக்கது ஒன்றே: மிதமிஞ்சிய தேக பாரம் நிணநீர் நாளங்களை நிச்சயமாகத் துன்புறுத்துகிறது, வீக்கம் உடையவர் எடையைக் குறைத்தால் அதன் பலனைக் கண்கூடாகக் காண்பார்.

யானைக்கால் நோயை 2027-க்குள் ஒழிப்பதென்று இந்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு நிறைவேறினாலும், ஏற்கெனவே கெட்டுப்போன நாளங்களை மாத்திரை மீட்டுத் தராது. அந்த மனிதர்கள் நம்மிடையே இன்னும் பல ஆண்டுகள் வாழ்வார்கள். அவர்களுக்கென்று தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டகத்தை அரசு இலவசமாக வழங்குகிறது. வெட்கத்தினால் வீட்டுக்குள்ளேயே காலை மறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.